ரசமட்டம்

தஞ்சோங் தொக்கோங், கடல் பார்த்த கொண்டோ,
இருபத்தெட்டாவது மாடிக் குளியலறை.
நாளை இங்கே ஒருவன் ஈரக்காலோடு நடப்பான்.
ஒவ்வொரு ஓட்டுக்கும் முன்னால்
என் முட்டி இருந்த இடம் அவனுக்குத் தெரியாது.

பதினெட்டு வருடம் மண்டியிட்டிருக்கிறேன்.
சாமிக்கு இவ்வளவு மண்டியிட்டிருந்தால்
எதிரே வந்து நின்று
'போதும் தனபாலா, எழு' என்றிருக்கும்.
சிமெண்டுக்கு அந்த இரக்கம் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை இடது சில்லின் மேல்
கொழுக்கட்டை ஒன்று.
வலி பெரிதில்லை.
தொட்டால் அசைந்தது,
சொல்லாமல் யாரோ குடிவந்ததுபோல.

கோயோக் ஒட்டினேன்.
கோமளவல்லி சூடு பறக்கத் தைலம் தேய்த்தாள்.
மூன்றாம் நாள் கொழுக்கட்டை பாவ் ஆகிவிட்டது.
சீனி வியாதி என்றார் கீழ்வீட்டுக்காரர்.
போன மாதம் வீடு மாறியதால் என்றாள் அவர் மனைவி.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட
எங்கள் ஃப்ளாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஜெலுத்தோங் கிளினிக்கில் டாக்டர் ஹஸ்லிண்டா
முதலில் ஊசியை எடுக்கவில்லை,
கேள்விகளை எடுத்தார்.
விழுந்தாயா? கால் திருகியதா?
உள்ளே 'டப்' என்று கேட்டதா?
வீங்கியது ஒரு மணி நேரத்திலா, பல நாளிலா?
மடக்கிய கால் நீள மறுத்துப் பூட்டிக்கொள்கிறதா?
நடக்கையில் சட்டென்று உன்னைக் கைவிடுகிறதா?
படி இறங்கினால் முன்பக்கம் குத்துமா?
காய்ச்சல்?
இல்லை, இல்லை, பல நாளில், இல்லை.
இத்தனை இல்லை சொல்லி
நான் எந்தப் பரீட்சையிலும் பாஸானதில்லை.

புறங்கையை வைத்தார், இந்த முட்டியில், அந்த முட்டியில்.
சூடு ஒன்றுதான்.
"மூட்டுக்குள் ஒன்றுமில்லை. சில்லுக்கும் தோலுக்கும் நடுவே
ஒரு சின்னப் பை, உரசாமலிருக்க.
அதன்மேல்தான் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறாய்."
உட்காரவில்லை டாக்டர், மண்டியிட்டேன்.
சிரிக்காமல் எழுதினார்.
இரண்டு வாரம் எம்சி. துணியில் சுற்றிய ஐஸ்.
தேய்க்காதே. முட்டி போடாதே.
சிவந்து கொதித்தால் அன்றைக்கே ஓடி வா.
ஓடியா?
நடந்து.

நாள்கூலிக்காரன் எம்சியை எந்தச் சுவரில் ஒட்டுவது?
பத்தாம் நாள் போய்விட்டேன்,
தடித்த முட்டி உறை இரண்டு ஜோடியோடு.
ஒரு ஜோடி ரஃபிகுலுக்கு.

அவனுக்கு நடந்தது வேறு.
தோளில் பசை மூட்டை, ஏணியின் கடைசிப் படி.
பாதம் நின்றது, உடம்பு திரும்பியது.
எனக்கே கேட்டது, டப்.
தே ஓ வந்து சேர்வதற்குள் முட்டி பந்தாகிவிட்டது.
'உருவி விடு, சரியாகும்' என்றார் தவுக்கே ஊய்.
உருவ வந்த கையைப் பிடித்துக்கொண்டேன்.
பாதி மலாய், பாதி சைகை:
ஹஸ்லிண்டாவின் கேள்விகள் என் வாயில்.
நான் இல்லை சொன்னவற்றுக்கெல்லாம்
அவன் ஆமாம் சொன்னான்.
நீட்டப் பார்த்தான், நீளவில்லை.
குளிர்பானப் பெட்டி ஐஸை என் சட்டையில் கட்டி
கால் கீழே இரண்டு மூட்டை வைத்து உயர்த்தினோம்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பேசியாயிற்று.
கூலி யார் கொடுப்பது என்ற பேச்சு மட்டும்
லிஃப்டில் இருபத்தெட்டு மாடியும் இறங்கியது.

இப்போது கடைசி மூலை.
பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து, குந்தி, குனிந்து போடுகிறேன்.
முட்டி சும்மா இருக்கிறது, முதுகு திட்டுகிறது.
ரசமட்டத்தை வைக்கிறேன்.
பச்சைத் தண்ணீரில் குமிழ்
இரண்டு கோட்டுக்கு நடுவே வந்து நிற்கிறது.
என் முட்டியிலும் கொஞ்சம் மீதம் இருக்கிறது.
அதற்குக் கோடு கிடையாது.

வாசலில் ரஃபிகுலின் உறைகள் கிடக்கின்றன.
கழற்றியும் நிமிராமல்,
மடங்கியபடியே.